“இதுல எழுத என்ன இருக்கு?” என்று கேட்டவரின் கட்டுரை மாநாட்டுக்குப் போன கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நடுத்தர அளவு மென்பொருள் நிறுவனம் ஒன்றில், ஏறத்தாழ ஒன்றரை வருடத்தில் நடந்து முடிந்தது இது. சம்பந்தப்பட்டவர் அங்கே கட்டமைப்புக் குழுவில் இருக்கும் ஒரு பொறியாளர். பேக்கப் (தரவுக்கு நகல் எடுத்து வைப்பது), ரீஸ்டோர் (அந்த நகலிலிருந்து தரவை மீட்பது), சேமிப்பு வட்டுகள், நடு இரவில் அலாரம் அடித்தால் எழுந்து சரிசெய்வது என்று 11 வருட அனுபவம். ஆய்வுக் கட்டுரை எதையும் எழுதியதில்லை, எழுதுவோம் என்று நினைத்ததும் இல்லை. நான் பக்கத்துக் குழு. சில வருடங்களாக ஒரு மாநாட்டின் தொழில்துறைப் பிரிவுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்து வருகிறேன்.

அந்த மதிப்பாய்வில் ஒவ்வொரு வருடமும் என்னை உறுத்தியது ஒன்றுதான். பெயர் தொழில்துறைப் பிரிவு, ஆனால் வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களிலிருந்தோ பெரிய நிறுவனங்களின் ஆராய்ச்சிக் கூடங்களிலிருந்தோ வருபவை. தினம் தினம் சர்வரோடு மல்லுக்கட்டுகிறவர் எழுதியது அபூர்வமாகத்தான் வரும். இது ஏன் முக்கியம் என்றால், சில விஷயங்களை அவர்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. 2007இல் நடந்த, தரவுச் சேமிப்புத் தொழில்நுட்பத்துக்கான ஃபாஸ்ட் மாநாட்டில் கூகுள் பொறியாளர்கள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைக் கவனித்து எழுதிய கட்டுரை வந்தது. செத்துப்போன வட்டுகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முன்கூட்டியே எச்சரிக்கும் என்று நம்பப்பட்ட நான்கு முக்கிய ஸ்மார்ட் அளவீடுகளில் (வட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துச் சொல்பவை) ஒன்றில்கூட அறிகுறி காட்டாமலேயே செத்தவை என்று அதில் தெரிந்தது. அதே மாநாட்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு கட்டுரை தந்தார்கள்: தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்படி வருடத்துக்கு அதிகபட்சம் 0.88 சதவீத வட்டுகள்தான் பழுதாக வேண்டும், ஆனால் களத்தில் 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சாதாரணம். இந்த இரண்டாவது கட்டுரையை எழுதியவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள்தான், ஆனால் அதற்கு ஆதாரமே அந்த அமைப்புகளை இயக்கி வந்தவர்கள் வருடக்கணக்கில் எழுதி வைத்திருந்த வட்டு மாற்றப் பதிவுகள். பதிவு வைத்திருந்த அந்தக் கைகள் தாங்களே எழுதியிருந்தால் இன்னும் என்னென்ன வந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

முதல் முயற்சி

ஒரு மாநாட்டின் அழைப்பு அறிக்கை வந்ததும், நிறுவனத்தில் இருக்கும் 60 பொறியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். “உங்கள் அனுபவங்களைக் கட்டுரையாக அனுப்புங்கள், உதவத் தயார்” என்று நல்ல மனதோடுதான் எழுதினேன். பதில் வந்தது இரண்டே இரண்டு. ஒருவர் பதிவுக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்று கேட்டார். இன்னொருவர் தன் வேலை ரகசியமானது என்று முடித்துக்கொண்டார். கட்டுரை ஒன்றுகூட வரவில்லை.

அப்போது நான் எடுத்த முடிவு, இவர்களுக்கு ஆர்வம் இல்லை என்பது. அது தவறு என்று புரிய இரண்டு மாதம் ஆனது.

கவனித்தது

அந்தப் பொறியாளர் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து மேசையில் வேறு வேலையாக உட்கார்ந்திருந்தேன். புதியவர் கேட்டார்: “அக்கா, பேக்கப் சக்ஸஸ்னுதானே வந்திருக்கு, அப்புறம் எதுக்கு ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கணும்?” அவர் பதில் சொல்லாமல் ஒரு எக்செல் தாளைத் திறந்தார். 286 வரிகள். 14 மாதமாக வாரத்துக்கு நாலைந்து பேக்கப்பை எடுத்து, தனி சர்வரில் ரீஸ்டோர் செய்து, டேட்டாபேஸ் எழுந்து நிற்கிறதா, உள்ளே தரவு சரியாக இருக்கிறதா, எத்தனை நிமிடம் பிடித்தது என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்தார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. கடைசி நெடுவரிசைக்குத் தலைப்பு “ஏன்?”. தோற்ற வரிகளுக்கு மட்டும் மஞ்சள் நிறம்.

112ஆம் வரியைக் காட்டினார். “ஏன்?” என்ற இடத்தில் இப்படி இருந்தது: “கோப்பு முழுசா இருக்கு. சாவி இல்ல.” பிறகு அவர் புதியவருக்கு விளக்கியதுதான் என்னை நாற்காலியைத் திருப்ப வைத்தது. பேக்கப் கோப்புகளைப் பூட்டும் மறையாக்கச் சாவியைப் பாதுகாப்புக் குழு அவ்வப்போது மாற்றும், பழைய சாவியை 90 நாள் கழித்து அழித்துவிடும். பேக்கப்பையோ ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு குழுவின் விதி. ஆக, சாவி அழிந்த பிறகும் மாதக்கணக்கில் கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கும், யாராலும் திறக்க முடியாது. இரண்டு விதியும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. இரண்டையும் பக்கத்தில் வைத்து யாருமே பார்க்கவில்லை. பேக்கப் வேலை ஒவ்வொரு இரவும் பச்சை விளக்கைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

மொத்தம் 23 தோல்விகள். அதில் கோப்பே கெட்டுப்போனது 4 மட்டும். சாவி இல்லாதது 7, டேட்டாபேஸ் பதிப்பு மாறிப்போய்ப் பழைய பேக்கப்பை ஏற்க மறுத்தது 5, இடையில் ஒரு பரிவர்த்தனைப் பதிவுக் கோப்பு (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களை வரிசையாகக் குறிப்பது) விட்டுப்போனதால் அதற்கு மேல் நகர முடியாதது 4, எல்லாம் சரியாக இருந்தும் வாக்குக் கொடுத்த நேரத்தைத் தாண்டி இழுத்தது 3. அதாவது 23இல் 19 முறை கோப்பு நன்றாகவே இருந்தது, அதைச் சுற்றி இருக்க வேண்டியதுதான் இல்லை.

“இதை மாநாட்டுக்கு எழுதுங்களேன்” என்றேன். அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். “இதுல எழுத என்ன இருக்கு? நான் என் வேலையத்தானே செஞ்சேன்.”

இந்தப் பதிலைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டால் தப்பு. ஆய்வுக் கட்டுரை என்றால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்க வேண்டும், கணிதச் சூத்திரம் இருக்க வேண்டும் என்பது அவர் மனதில் இருந்த படம். தன்னிடம் இருக்கும் அந்த எக்செல் தாள் அந்த வகையில் சேரும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நான் அனுப்பிய மின்னஞ்சலைப் படித்தீர்களா என்று கேட்டேன். படித்தாராம். “அது எனக்கு இல்லன்னு நினைச்சேன்” என்றார். 60 பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இனிமேல் பொதுவாக அழைப்பதில்லை, ஒருவரிடம் போய் அவருடைய ஒரு விஷயத்தைக் காட்டி இதை எழுதுங்கள் என்று கேட்பது என்று முடிவு செய்தோம். இந்த நிகழ்வில் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வந்தது.

எந்த மாநாடு என்பது அடுத்தது. நான் மதிப்பாய்வு செய்யும் மாநாட்டை வேண்டாம் என்று ஒதுக்கினோம். ஒரே நிறுவனம் என்பதால் அந்தக் கட்டுரையிலிருந்து நான் விலகியிருக்கலாம்தான், விதி அதைத்தான் சொல்கிறது, ஆனாலும் முதல் கட்டுரை போகும்போது யாரும் விரல் நீட்டிப் பேச இடம் கொடுக்க வேண்டாம் என்று தோன்றியது. அனுபவ அறிக்கைகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்த வேறொரு மாநாட்டைத் தேர்ந்தெடுத்தோம். 6 பக்கம், கடைசித் தேதிக்கு 9 வாரம். இந்த மாதிரிப் பிரிவுகள் இருப்பதே களத்தில் வேலை செய்கிறவர்கள் பலருக்குத் தெரியாது. மென்பொருள் பொறியியலில் ஐ.சி.எஸ்.இ. மாநாடு நடைமுறைப் பணிக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது, வலையமைப்புத் துறையில் என்.எஸ்.டி.ஐ. உண்மையில் இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்புகளைப் பற்றிய கட்டுரைகளைத் தனியாக வரவேற்கிறது. சர்வர்களை இயக்கிப் பராமரிக்கிறவர்களுக்கான எஸ்.ஆர்.இ.கான் மாநாடு போன்ற இடங்களுக்கு முழுக் கட்டுரைகூட வேண்டாம், உரைக்கான முன்மொழிவு போதும். இவருக்கு உரையை விடக் கட்டுரை சரி என்று நினைத்தோம், ஏனென்றால் அவர் கையில் இருந்தது அட்டவணை, அட்டவணையை நின்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

நேரத்துக்கு அவருடைய மேலாளரைப் பார்த்தோம். அவர் தயங்கியது நேரத்தைப் பற்றி இல்லை. “நம்ம பேக்கப் தோத்துச்சுன்னு நாமே ஊருக்குச் சொல்றதா?” என்றார். நியாயமான கேள்வி, நான் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டு பதில் சொன்னோம். அந்த 23 தோல்வியும் வாடிக்கையாளர் யாரையும் தொடுவதற்கு முன்பே சோதனையில் பிடிபட்டவை, எல்லாமே சரிசெய்யப்பட்டுவிட்டன. அப்புறம், டேட்டாபேஸ் பெயர், வாடிக்கையாளர் பெயர், தேதி எதுவும் கட்டுரையில் வராது. அவர் ஒத்துக்கொண்டார், புதன்கிழமை பிற்பகல்களை எழுத்துக்கு ஒதுக்கினார், அந்த நேரத்தில் அலாரம் அடித்தால் வேறொருவர் பார்ப்பார் என்று எழுத்திலேயே போட்டுக்கொடுத்தார். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பேச்சோடு போயிருக்கும். எழுத உட்கார்ந்த மூன்றாவது புதன்கிழமையே அலாரம் அடித்தது, வேறொருவர்தான் எழுந்து போனார்.

கட்டுரையின் ஆசிரியர் அவர் மட்டும்தான், என் பெயர் நன்றி தெரிவிக்கும் இடத்தில் வரும் என்றும் முதலிலேயே பேசிக்கொண்டோம்.

எழுதிய வாரங்கள்

முதல் இரண்டு வாரம் வெற்றுப் பக்கம்தான். பிறகு ஒரு பத்தி வந்தது: “இன்றைய தகவல் தொழில்நுட்ப உலகில் பேக்கப் மிக முக்கியமான ஒன்றாகும்.” இதை எழுதியவரும் 112ஆம் வரியை எழுதியவரும் ஒரே ஆள் என்று நம்பவே கஷ்டமாக இருந்தது.

அதனால் எழுதுவதை நிறுத்தச் சொன்னேன். அந்தப் புதியவரையே மறுபடி எதிரில் உட்கார வைத்து, எக்செல் தாளைத் திறந்து, அன்று சொன்னதையே திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டு, 40 நிமிடம் ஒலிப்பதிவு செய்தோம். புதியவர் இடையிடையே கேட்ட கேள்விகள்தான் பிறகு கட்டுரையின் பகுதித் தலைப்புகளானது. எதற்கு ரீஸ்டோர் செய்து பார்க்கிறோம், எதை எடுப்பது என்று எப்படி முடிவு செய்தீர்கள், தோற்றால் என்ன செய்வீர்கள், எவ்வளவு நேரம் பிடிக்கிறது, மற்றவர்களும் இப்படிச் செய்கிறார்களா. ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்து, பேச்சுமொழியை எழுத்துமொழியாக்கியதும் நாலரைப் பக்கம் தயாராக இருந்தது.

இதற்குப் பிறகு தவறு செய்தது நான்தான். நாலரைப் பக்கத்தைப் பார்த்ததும் இது மாநாட்டுக் கட்டுரை மாதிரி இல்லையே என்று எனக்குப் பட்டது. மதிப்பாய்வாளர்கள் ஒரு கருத்துச் சட்டகத்தை எதிர்பார்ப்பார்கள் என்று நானே ஊகித்து, ரீஸ்டோர் நம்பகத்தன்மைக்கு நான்கு தூண்கள் என்று ஒன்றை உருவாக்கி, அதற்கு அம்புக்குறிப் படம் வரைந்து, இரண்டு பக்கம் அதற்கே கொடுத்தேன். இடம் போதவில்லை. 23 தோல்விகளின் அட்டவணையை எடுத்துவிட்டு, “பல்வேறு காரணங்களால் சில ரீஸ்டோர்கள் தோல்வியடைந்தன” என்று ஒரே வாக்கியமாக்கினேன். அவர் “அட்டவணை வேண்டாமா?” என்று ஒரு தடவை கேட்டார். எனக்கு இதில் அனுபவம் இருக்கிறது என்று நம்பி விட்டுக்கொடுத்தார்.

நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் அனுமதி கேட்டதும் தாமதமாகத்தான். நான்காவது வாரத்தில் கேட்டோம், பதில் வர 5 வாரம் ஆனது. கடைசித் தேதியன்றுதான் கையெழுத்து கிடைத்தது. மாநாட்டின் கெடு பூமியில் எங்காவது ஓரிடத்தில் அந்தத் தேதி முடியாமல் இருக்கும் வரை செல்லும் என்ற கணக்கில், அதாவது யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்துக்கு 12 மணி நேரம் பின்னால் ஓடும் கடிகாரப்படி இருந்ததால் தப்பித்தோம்.

நிராகரிப்பு

மூன்று மதிப்பாய்வுகள் வந்தன, மூன்றுமே வேண்டாம் என்றன. முதலாமவர், இதே துறையில் முன்பு வெளிவந்தவற்றோடு ஒப்பிடவே இல்லையே என்று கேட்டார். இரண்டாமவர், நான்கு தூண்களில் புதிதாக எதுவும் இல்லை, ஆனால் தோல்விகள் நடந்தன என்று ஒரு வரி வருகிறதே, அவை என்னென்ன என்று சொன்னால் அந்தக் கட்டுரையை விரும்பிப் படிப்பேன் என்று எழுதியிருந்தார். நான் வெட்டியெறிந்த அட்டவணையைத்தான் அவர் கேட்டார். மூன்றாமவர் கேட்டது இன்னும் ஆழமானது: சோதித்த பேக்கப்புகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

பொறியாளர் அதைப் படித்துவிட்டு இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு ஒரு நாள், “உங்க நேரத்தையும் வீணாக்கிட்டேன்” என்றார். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு நிராகரிப்பு வாடிக்கை, திருத்தி அடுத்த இடத்துக்கு அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். களத்தில் வேலை செய்கிறவர் அதை வருடாந்திர வேலை மதிப்பீட்டைப் போலப் படிக்கிறார், 11 வருட வேலைக்குக் கிடைத்த மதிப்பெண் இதுதான் என்று எடுத்துக்கொள்கிறார். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. என் பழைய நிராகரிப்புக் கடிதங்களில் நான்கைந்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். ஒன்றில் மதிப்பாய்வாளர் என் கட்டுரையின் ஆங்கிலத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் அதையெல்லாம் மெதுவாகப் படித்தார். மறுநாள் காலையில் வந்து, “அந்த மூணாவது ஆள் கேட்டது சரிதான்” என்றார்.

இரண்டாம் முறை

சரியாகத்தான் கேட்டிருந்தார். முதல் நான்கு மாதம் நம் பொறியாளர் தான் சந்தேகப்பட்ட பேக்கப்புகளைத்தான் கையால் பொறுக்கி எடுத்துச் சோதித்திருக்கிறார். அதன் பிறகுதான் ஒரு சின்ன நிரல் எழுதிக் குலுக்கல் முறையில் எடுக்க ஆரம்பித்தார். முதல் கட்டுரையில் நாங்கள் இரண்டையும் கலந்து 286இல் 23, அதாவது 8 சதவீதம் என்று எழுதியிருந்தோம். இப்போது பிரித்தார். கையால் எடுத்த 74இல் 11 தோல்வி. குலுக்கலில் எடுத்த 212இல் 12 தோல்வி, 5.7 சதவீதம். முதல் எண்ணிக்கையிலிருந்து பொதுவாக எதையும் முடிவு செய்ய முடியாது என்று கட்டுரையிலேயே எழுதினார். அந்தப் பத்தியை அவர் எழுதும்போது நான் பக்கத்தில் இல்லை, ஒரு எழுத்துகூட மாற்றவும் இல்லை. கட்டுரையிலேயே சிறந்த பத்தி அதுதான் என்பது என் கருத்து.

நான்கு தூண்கள் போயின. அட்டவணை திரும்பி வந்தது, 23 வரியும், “ஏன்?” என்ற நெடுவரிசையோடு. முந்தைய பணிகள் என்ற பகுதிக்கு அவரே தேடிக் கொண்டுவந்தது 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது. அங்கே தவறுதலாக டேட்டாபேஸ் அழிந்த பிறகுதான் வழக்கமான பேக்கப் ஓடவே இல்லை என்று தெரிந்தது. பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகலை வைத்துத்தான் மீண்டார்கள். அந்த நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் முழுவதும் வெளியிட்டது. “அவங்களுக்கும் பதிப்பு வித்தியாசம்தான், என் தாள்லயும் அதே மாதிரி அஞ்சு இருக்கு” என்று நம் பொறியாளர் சொன்னபோது முதல் தடவையாக அவர் குரலில் ஒரு ஆராய்ச்சியாளரின் உற்சாகம் இருந்தது.

வேறொரு மாநாட்டுக்கு அனுப்பினோம், இந்த முறை சட்டப் பிரிவின் அனுமதி முதலிலேயே கையில் இருந்தது. நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பாய்வாளர்களில் ஒருவர் வழிகாட்டியாக இருந்து இறுதி வடிவம் வரை பார்த்துக்கொண்டார். அவர் கேட்ட திருத்தங்கள் எல்லாமே சின்னவை, ஒன்றைத் தவிர: சாவி, பேக்கப் இரண்டின் ஆயுளையும் ஒப்பிடும் நிரலைக் கட்டுரையோடு வெளியிட முடியுமா? அதற்கு மறுபடி அனுமதி, மறுபடி மூன்று வாரம்.

பிறகு நடந்தது

மாநாட்டில் 20 நிமிட உரை. போவதற்கு முன் குழுவில் எல்லோர் முன்னாலும் மூன்று தடவை பேசிப் பார்த்தார். உரை முடிந்ததும் கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் கேள்வி கேட்கவில்லை, தங்கள் நிறுவனத்திலும் சாவிக்கு ஒரு காலக்கெடு, பேக்கப்புக்கு ஒன்று என்றுதான் இருக்கிறது, திரும்பிப் போனதும் பார்க்கப்போகிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அங்கேயும் அதே ஓட்டை.

எங்கள் நிறுவனத்தில் சாவியின் ஆயுளைப் பேக்கப்பின் ஆயுளோடு கட்டிப்போடும் விதி வந்தது. இது கட்டுரைக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. 112ஆம் வரியைச் சரிசெய்தபோது அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும்தான் சரிசெய்திருந்தோம். பொதுவாக எழுத வேண்டி வந்தபோதுதான் மற்றவற்றுக்கும் அது பொருந்தும் என்று உறைத்தது.

அடுத்த ஒரு வருடத்தில் இதே முறையில் நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேட்டோம். இரண்டு பேர் அனுப்பினார்கள், ஒன்று ஏற்கப்பட்டது. மூன்றாமவர் பாதியில் நிறுத்தினார், அவருடைய மேலாளர் நேரம் தருகிறேன் என்று வாயால் சொன்னாரே தவிர அலாரத்தை வேறு யாருக்கும் மாற்றவில்லை. நான்காமவர் தனக்கு எழுத விருப்பமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார், அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவேன்

சட்டப் பிரிவுக்கான கடிதம் முதல் நாளே போகும், எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே. என்ன எழுதப்போகிறோம் என்று தெரியாமல் எப்படிக் கேட்பது என்ற தயக்கத்தில்தான் தள்ளிப்போட்டோம். அரைப் பக்கச் சுருக்கம் போதும் என்று பிறகு தெரிந்தது. ஏற்கப்பட்டால் பயணத்துக்கும் பதிவுக்கும் யார் பணம் தருவது என்பதையும் அதே வாரத்தில் பேசிவிடுவேன், ஏனென்றால் பெரும்பாலான மாநாடுகளில் ஆசிரியர் ஒருவராவது பதிவு செய்தே ஆக வேண்டும். முதல் மின்னஞ்சலுக்குப் பதில் போட்ட அந்த ஒருவர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருந்தார், நான்தான் அவருக்குப் பதில் அனுப்பவில்லை.

நிராகரிப்புக் கடிதங்களை முதல் சந்திப்பிலேயே காட்டுவேன். எழுத்தில் கை வைக்க மாட்டேன், இலக்கணம், எழுத்துப்பிழை, எண்களின் கூட்டல் தவிர. ஏதாவது குறைகிறது என்று தோன்றினால் ஓரத்தில் கேள்வியாக எழுதுவேன், பதிலை அவரே எழுதட்டும்.

இன்னொன்று, இது எழுத்துக்கு வெகு முன்னால் நடக்க வேண்டியது. சோதனைப் பதிவு வைத்திருக்கும் எல்லோரிடமும் எதை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கும் ஒரு நெடுவரிசை போடச் சொல்கிறேன். அந்தப் பொறியாளருக்குத் தன் நிரல் எந்தத் தேதியில் ஓட ஆரம்பித்தது என்பது நல்லவேளையாகக் கோப்பின் தேதியிலிருந்து கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் 286 வரியையும் பிரிக்க வழியே இருந்திருக்காது.

எழுதுவீர்களா என்று இப்போது யாரிடமும் கேட்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் எது என்று கேட்கிறேன். போன வாரம் வலையமைப்புக் குழுவில் ஒருவரிடம் கேட்டேன். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியாவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்துவிட்டு, தன்னிடமும் ஒரு தாள் இருக்கிறது, ஆனால் அது காகிதத்தில்தான் இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டார். அதைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருக்கிறோம்.